மண்டபம் பூட்டிக் கிடந்தால் பழி மக்களுக்கா?

கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கொழும்பு வடக்கில் கொட்டாஞ்சேனைப் பக்கம் நீங்கள் இருக்கும் தோட்டத்தில், அதாவது வீடுகள் நெருங்கிய ஏழைக் குடியிருப்பில், அரசாங்கக் காசில் ஒரு பல்நோக்கு மண்டபம் கட்டினார்கள். பக்கத்தில் கழிவறைகள், மேலே தண்ணீர்த் தாங்கி, கீழே மோட்டர். மூன்று வருடத்துக்குள் மோட்டர் போய், கழிவறை அடைத்து, இப்போது மண்டபம் பூட்டிக் கிடக்கிறது. விசாரித்தால் "மக்கள் பங்களிப்புப் போதவில்லை" என்கிறார்கள். நீங்கள் படிக்கும் பாடத்திலும் மக்கள் பங்கேற்றால் திட்டம் நிலைக்கும் என்றே இருக்கிறது. அது உண்மையா, இதை ஆய்வுக்கு எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கேள்விக்குள் இன்னொன்றும் கேட்கிறது: எங்கள் ஆட்கள் சரியில்லாததால்தான் இப்படி ஆனதா? இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். உள்ளூராட்சி, பிரதேச செயலக மட்டத்துத் திட்டங்களில் பல வருடம் வேலை செய்தவன் நான். கைபட்ட அனுபவம் குடிநீர், உள்வீதி, பொதுக் கட்டடம் ஆகியவற்றில்தான். தொடர்மாடிகளைப் பற்றிச் சொல்லப்போவது வெளியிலிருந்து பார்த்தும் படித்தும் தெரிந்துகொண்டது. அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

நிச்சயமாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குவோம். பாவிக்கப்போகிறவர்களே ஆரம்பம் முதல் முடிவெடுத்த திட்டங்கள் கூடுதல் காலம் ஓடுவதற்குச் சான்று இருக்கிறது, அதிலும் குடிநீரில் நிறையவே இருக்கிறது. 1990களில் தீபா நாராயண் என்ற ஆய்வாளர் உலக வங்கிக்காக 49 நாடுகளின் 121 கிராமியக் குடிநீர்த் திட்டங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தார். திட்டத்தின் வெற்றியோடு மிக நெருக்கமாகச் சேர்ந்து வந்தது பாவனையாளர்களின் பங்கேற்புத்தான். நம் நாட்டில் 1993 முதல் 1998 வரை பதுளை, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களில் நடந்த சமூக நீர் வழங்கல் திட்டமும் அந்த வழியில் போனதுதான். கட்டுமானச் செலவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை ஊரவர்கள் காசாகவோ உழைப்பாகவோ போட வேண்டும். முடிந்த பிறகு மீற்றர் பார்ப்பது, பில் எழுதுவது, பம்பு ஓட்டுகிறவருக்குச் சம்பளம் கொடுப்பது எல்லாம் ஊர்ச் சங்கத்தின் வேலை. அந்த மாதிரியில் உருவான சங்கங்கள் இன்றும் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குத் தண்ணீர் கொடுக்கின்றன.

ஆனால் இந்தச் சான்றில் ஒரு ஓட்டை உண்டு. ஏற்கனவே ஒற்றுமையாக இருக்கும் ஊர்தான் கூட்டத்துக்கும் நன்றாக வரும், பம்பையும் நன்றாகப் பார்த்துக்கொள்ளும். அப்படியென்றால் பம்பு ஓடுவதற்குக் காரணம் கூட்டமா, ஊரா? ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுகளால் இதை முழுமையாகப் பிரிக்க முடிவதில்லை. அப்புறம், நல்ல சங்கத்தாலும் எல்லாம் முடியாது. நீரின் தரத்தைச் சோதிக்க, பெரிய பம்பை மாற்ற, வறட்சியில் ஊற்று வற்றும்போது வேறு வழி தேட அரசாங்கத்தின் கை வேண்டும். அந்தத் தேவைக்காகவே 2014இல் தேசிய சமூக நீர் வழங்கலுக்கென்று தனித் திணைக்களம் ஒன்றை உருவாக்கினார்கள். "மக்களிடம் கொடுத்தாயிற்று, இனி அவர்கள் பாடு" என்று ஒதுங்கிய இடத்தில் சங்கம் நீடிக்காது.

பங்கேற்பு எதில் என்பது அடுத்தது. பாகிஸ்தானின் பல்திஸ்தான் மலைப்பகுதியில் அசிம் குவாஜா என்ற பொருளியலாளர் சிறு வாய்க்கால், வீதி, மின் திட்டங்களை ஆராய்ந்தபோது சுவாரசியமான ஒரு விஷயம் தெரிந்தது. என்ன கட்டுவது, யாருக்கு, எப்படிப் பங்கிடுவது போன்ற முடிவுகளில் ஊர் கலந்துகொண்ட திட்டங்கள் நன்றாக நின்றன. வடிவமைப்பு, அளவு போன்ற தொழில்நுட்ப முடிவுகளில் ஊரைக் கூடுதலாக இழுத்துவிட்டபோது விளைவு மோசமானது. உங்கள் மண்டபத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். தோட்டத்துக்கு மண்டபம் வேண்டுமா, கழிவறை வேண்டுமா, கான் (வடிகால்) திருத்துவது முதலா என்று ஆட்களைக் கேட்டிருக்க வேண்டும். மலக்குழி எவ்வளவு ஆழம் என்று கேட்கத் தேவையில்லை. கொழும்பு வடக்கின் தாழ்வான நிலத்தில், மழைக்கு நீர்மட்டம் மேலே வரும் இடத்தில், அது பொறியியலாளரின் பொறுப்பு. நான் பார்த்த பல இடங்களில் இது தலைகீழாகத்தான் நடக்கும். என்ன கட்டுவது என்பது மேலே முடிவாகிவிடும். ஓடு என்ன நிறம் என்று மக்களிடம் அபிப்பிராயம் கேட்பார்கள்.

கூட்டம் எப்படி நடக்கிறது என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். வேலை நாளில் காலை பத்து மணி. கிராம உத்தியோகத்தர் ஊடாகக் கடிதம். துறைமுகத்துக்கும் புறக்கோட்டைக்கும் விடியற்காலையில் போகிறவர்கள் வர மாட்டார்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண்களும் வர மாட்டார்கள். வருகிறவர்கள் சங்கத் தலைவர், செயலாளர், கட்சி அமைப்பாளரின் ஆள், ஓய்வுபெற்ற இரண்டு பேர். விளக்கம் சிங்களத்தில் நடக்கும். தமிழில் ஒரு சுருக்கம் சொல்வார்கள், சில நேரம் அதுவும் இருக்காது. வரவுத்தாளில் எல்லோரும் கையெழுத்து வைப்பார்கள், ஒரு போட்டோ எடுப்பார்கள், கோப்பில் "சமூகக் கலந்துரையாடல் நடத்தப்பட்டது" என்று ஏறிவிடும். பிறகு திட்டம் படுத்தால் அந்தத் தாளைக் காட்டி, மக்களைக் கேட்டுத்தானே செய்தோம் என்பார்கள். அதே வாயால் மக்கள் பங்களிப்பு இல்லை என்றும் சொல்வார்கள்.

இப்போது உண்மையில் திட்டங்கள் எங்கே சாகின்றன என்பதற்கு வருகிறேன். என் அனுபவத்தில் பெரும்பாலானவை சாவது கையளிப்பு, அதாவது கட்டி முடித்ததை ஒப்படைப்பது, நடக்கும் நாளுக்கு அடுத்த நாளிலிருந்து. நமது நிதியாண்டு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. கட்டுவதற்கு வரும் காசு மூலதனச் செலவு. கரண்ட் பில், காவலாளி, மோட்டர் திருத்தம் எல்லாம் மீண்டெழும் செலவு. இரண்டும் வேறு தலைப்புகள், பல நேரம் வேறு நிறுவனங்கள். ஒரு அமைச்சின் காசிலோ, பாராளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியிலோ (ஊர் வேலைகளுக்கென்று அவருக்கு ஒதுக்கும் காசு) கட்டடம் வருகிறது. 1974இல் தொடங்கிய அந்த முறை பெயர் மாறி மாறி இன்னும் தொடர்கிறது. கட்டடம் நிற்கும் நிலம் இன்னொருவருடையது. பராமரிப்பு மூன்றாவது ஒருவரின் தலையில் விழும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த மூன்றாவது ஆளிடம் யாரும் எழுத்தில் வாங்குவதில்லை. ஆண்டு நடுவில்தான் காசு விடுவிக்கப்படும், டிசம்பருக்குள் செலவழிக்காவிட்டால் திறைசேரிக்குத் திரும்பிவிடும். எனவே எஸ்டிமேட், டெண்டர், கொந்தராத்து, பில் எல்லாம் சில மாதங்களுக்குள் ஓட வேண்டும். அந்த ஓட்டத்தில் முதலில் கழற்றி விடுவது ஆட்களோடு கதைக்கும் நேரத்தைத்தான். இதில் தனிப்பட்ட உத்தியோகத்தரைத் திட்டிப் பயனில்லை; காசு திரும்பிப் போனால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும், மண்டபம் பூட்டிக் கிடந்தால் யாரும் அவரைக் கேட்கப் போவதில்லை.

இன்னொரு சின்ன விஷயம், பலருக்குத் தெரியாதது. கட்டி முடித்த பிறகு கொந்தராத்துக்காரரின் காசில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருப்பார்கள். ஒப்பந்தத்தில் சொன்ன காலத்துக்குள், சில மாதம் அல்லது ஒரு வருடம், குறை வந்தால் அவரே திருத்திக் கொடுக்க வேண்டும். முதல் மழைக்கே கூரை ஒழுகினால் அந்தக் காலத்துக்குள் எழுத்தில் முறையிட்டால் போதும். தோட்டத்து ஆட்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. காலம் முடிந்து, பிடித்த காசும் கைமாறிய பிறகுதான் முறைப்பாடு போகும்.

இதற்கு மாறாக, உங்கள் தோட்டத்திலேயே நன்றாக ஓடும் ஒன்று இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்: மரண உதவிச் சங்கத்தின் கதிரைகளும் கூடாரமும். பல இடங்களில் அவையும் அரசாங்கக் காசில் வந்தவைதான், பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் வழக்கமாக வாங்கிக் கொடுக்கும் பொருட்கள். ஆனால் அவை வருடக்கணக்காகப் பாவனையில் இருக்கும். ஏன்? மாதச் சந்தா இருக்கிறது. யார் எத்தனை கதிரை எடுத்தார், எப்போது திருப்பிக் கொடுத்தார் என்று ஒரு கொப்பியில் எழுதியிருக்கும். உடைந்தால் எடுத்தவர் கட்ட வேண்டும். வெளியாருக்கு வாடகைக்குக் கொடுத்தால் வருமானம். திறப்பு யாரிடம் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாளைக்கு நம் வீட்டுக்கும் அது தேவைப்படும் என்று ஒவ்வொரு குடும்பமும் நம்புகிறது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் கலந்திருக்கும் தோட்டங்களிலும் இந்தச் சங்கங்கள் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். அதே ஆட்கள், அதே தோட்டம். கதிரையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா? வித்தியாசம் பொருளைக் கையாளும் உரிமையிலும் அதிலிருந்து வரும் காசின் மேலுள்ள அதிகாரத்திலும் இருக்கிறது. மண்டபத்தை வாடகைக்குக் கொடுக்க அவர்களுக்கு உரிமையில்லை, பூட்டை மாற்றவும் உரிமையில்லை. ஆனால் பராமரிக்கும் பொறுப்பு மட்டும் உண்டு.

கொழும்புக்கு இந்த விஷயத்தில் ஒரு நல்ல வரலாறும் உண்டு, இன்றைய பிள்ளைகளுக்கு அதிகம் தெரியாது. 1979இல் தேசிய வீடமைப்பு அதிகார சபை வந்தது. 1984 முதல் 1989 வரை, பிரேமதாசவின் காலத்தில், பத்து இலட்சம் வீடுகள் திட்டம் நடந்தது. அரசாங்கமே வீடு கட்டிக் கொடுக்கும் முறையை விட்டு, சிறு கடனும் நிலமும் ஆலோசனையும் கொடுத்து ஆட்களையே கட்டவைக்கும் வழிக்குப் போனார்கள். கொழும்பின் தோட்டங்களில் சமூக அபிவிருத்திச் சபைகள் இயங்கின. பாதை எவ்வளவு அகலம், எந்த வீடு எவ்வளவு பின்னே போக வேண்டும், பொதுக்குழாய் எங்கே என்று ஆட்கள் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுத்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் சமூக ஒப்பந்தம்: கான், கழிவறை, உள்பாதை போன்ற சிறு வேலைகளை வெளிக் கொந்தராத்துக்காரருக்கு டெண்டர் விடாமல் தோட்டத்துச் சபைக்கே கொடுப்பது. லாபம் தோட்டத்துக்குள்ளேயே நிற்கும், வேலையை வாசலில் நின்று கண்காணிப்பார்கள், பிறகு கான் உடைந்தால் எப்படிக் கட்டினோம் என்று தெரிந்த மேசன் அங்கேயே இருப்பார். இந்த முறையைப் பிறகு மற்ற ஆசிய நாடுகளும் எடுத்துக்கொண்டன.

ஆனால் திட்டத்தின் காசு குறைந்து, அரசியல் முன்னுரிமை மாறியபோது பல சபைகள் பெயரளவில் நின்றுவிட்டன. மக்கள் ஒரே இரவில் மாறிவிடவில்லை. முடிவெடுக்க எதுவும் இல்லாத சபைக்கு யார் வருவார்கள்? 2001இல் வனாத்தமுல்லையில் சகஸ்புர என்ற 671 வீடுகள் கொண்ட மாடிக்கட்டடம் திறக்கப்பட்டது. 2010க்குப் பிறகு நகர அபிவிருத்தி அதிகார சபை ஊடாகப் பெரிய அளவில் ஆட்களைத் தொடர்மாடிகளுக்கு மாற்றினார்கள். தோட்டத்தில் கான் அடைத்தால் நாலு பேர் சேர்ந்து குத்திவிடலாம். பதின்மூன்றாம் மாடியில் லிஃப்ட் நின்றால் அப்படி முடியாது. ஒப்பந்தம் வேண்டும், மாதக் கட்டணம் வேண்டும், காசை வைத்திருக்கச் சட்டபூர்வமான ஒரு அமைப்பு வேண்டும். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி வீட்டு உடைமைச் சட்டத்தின்படி அந்த அமைப்பு வீட்டுச் சொந்தக்காரர்களின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம். வீட்டின் உறுதிப் பத்திரம் கைக்கு வராத குடியிருப்பாளருக்கு அதில் என்ன பிடி இருக்கும்? குழு இருக்கும், கூட்டம் நடக்கும், ஆனால் லிஃப்ட் நிறுவனத்தோடு கையெழுத்து வைக்கும் அதிகாரம் இருக்காது.

இனி சந்தேகத்துக்குரிய பக்கம். பங்கேற்பு ஊழலைக் குறைக்கும் என்று பலர் எழுதுகிறார்கள். நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். இந்தோனேசியாவில் 600க்கும் மேற்பட்ட கிராமங்களின் வீதிகளை வைத்து பெஞ்சமின் ஒல்கன் என்ற பொருளியலாளர் ஒரு பரிசோதனை செய்தார், 2007இல் வெளியானது. வீதியைத் தோண்டி, எவ்வளவு கல்லும் மணலும் உண்மையில் போட்டிருக்கிறார்கள் என்று அளந்து கணக்கோடு ஒப்பிட்டார்கள். அரசாங்கக் கணக்காய்வு நிச்சயம் வரும் என்று சொன்ன இடங்களில் காணாமல் போன காசு 8 சதவீதப் புள்ளி குறைந்தது. ஊர்க் கூட்டத்துக்கு ஆட்களைக் கூடுதலாக அழைத்த இடங்களில் சராசரியாகப் பெரிய மாற்றம் இல்லை. தன் கூலி குறைந்தால் மனிதர் கேட்பார், சீமெந்து மூட்டை குறைந்தால் யார் எண்ணப்போகிறார்கள்? ஆகவே கூட்டம் கணக்காய்வுக்கு மாற்றாகாது. அதோடு, தோட்டத்துக்குள்ளும் வட்டிக்குக் கொடுப்பவர், கட்சி ஆள், குரல் உயர்த்துகிறவர் என்று அடுக்கு உண்டு. "சமூகத்திடம் கொடுத்தோம்" என்பது சில நேரம் அந்த ஒருவரிடம் கொடுத்தோம் என்பதாகத்தான் முடிகிறது.

ஏழைகளிடம் மட்டும் பங்களிப்புக் கேட்பது எனக்கு எப்போதும் உறுத்தும் இன்னொன்று. பணக்காரர் வாழும் கறுவாத்தோட்டத்து வீதியில் கான் திருத்த யாரும் சிரமதானத்துக்கு, கூலியில்லாத பொது வேலைக்கு, அழைப்பதில்லை. நாட்கூலிக்காரர் ஒரு நாள் சிரமதானம் செய்தால் அன்றைய சம்பளம் போய்விடும். அந்தச் செலவு எந்த எஸ்டிமேட்டிலும் ஏறாது.

காலம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம் ஒரு சான்று. அம்பாறையில் 1981 முதல் இளம் அமைப்பாளர்களை ஊரிலேயே தங்கவைத்தார்கள். முதலில் சங்கம் பதியவில்லை. ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் விவசாயிகள் சேர்ந்து வாய்க்காலைத் துப்பரவாக்கி, முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். பிரதிநிதியும் அமைப்பும் பிறகுதான். 1997 சிறுபோகத்தில், அதாவது வறண்ட பருவத்துப் பயிர்ச்செய்கையில், நெல்லுக்குத் தண்ணீர் போதாது என்று சொல்லப்பட்ட நேரத்தில், அந்த அமைப்புகள் பங்கிட்டு 65,000 ஏக்கர் செய்து நல்ல விளைச்சலும் எடுத்ததாக ஆய்வாளர் நோர்மன் அப்ஹோஃப் பதிந்திருக்கிறார். நடுவில் பதினாறு வருடம்.

உங்கள் மண்டபத்துக்கு இப்போது செய்யக்கூடியதும் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, உள்நாட்டு நிதியில் ஐந்து இலட்சம் ரூபாவைத் தாண்டும் திட்டம் என்றால் தொடங்க மூன்று மாதத்துக்கு முன்பே விபரத்தை மக்களுக்குத் தெரிவிப்பது உரிய அமைச்சரின் கடமை. அது நடந்ததா என்று கேளுங்கள். அதோடு எஸ்டிமேட், கையளிப்புக் கடிதம், பராமரிப்புக்கு ஒதுக்கிய தலைப்பு, நிலம் யாருடையது என்பதையும் தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். கையளிப்புக் கடிதம் இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பதிலே உங்கள் ஆய்வின் முக்கியமான பக்கம். 2023 மார்ச் 19 முதல் 2025 மே 6 தேர்தல் வரை அநேகமாக எல்லா உள்ளூராட்சி மன்றங்களிலும் தெரிவான உறுப்பினரே இல்லாமல் ஆணையாளர்களும் செயலாளர்களும்தான் நிர்வகித்தார்கள். உங்கள் மண்டபம் அந்தக் காலத்தில் கைமாறியதா என்றும் பாருங்கள். இப்போது உறுப்பினர் இருக்கிறார். மரண உதவிச் சங்கத்தையோ மாதர் சங்கத்தையோ முன்னிறுத்தி, மண்டபத்தை வாடகைக்குக் கொடுக்கவும் அந்தக் காசைத் திருத்தத்துக்குச் செலவழிக்கவும் எழுத்தில் அனுமதி கேளுங்கள். கட்டமைப்புத் திருத்தம் உரிய நிறுவனத்தின் பொறுப்பு என்பதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள், இல்லாவிட்டால் மலக்குழியும் உங்கள் தலையில் விழும்.

ஆய்வுக்குத் தாராளமாக எடுக்கலாம். ஆனால் கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ண வேண்டாம். திறப்பு யாரிடம், கரண்ட் பில் யார் பெயரில், கடைசித் திருத்தம் எப்போது, காசு யார் கொடுத்தார் என்று கேளுங்கள். பூட்டிய மண்டபத்தோடு, ஏறத்தாழ அதே காலத்தில் கட்டி இன்னும் ஓடுகிற ஒன்றையாவது சேர்த்து எடுங்கள். ஒப்பிட ஆள் இல்லாமல் காரணம் சொல்ல முடியாது. நேர்காணலுக்கு இரவு ஏழு மணிக்குப் பிறகு போங்கள். பகலில் போனால் சங்கத் தலைவர் மட்டும்தான் அகப்படுவார்.